பதினோரு மணி சூப்

உணவு ஆலோசகர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்த காலையில் அப்பா மகளின் பெயர்ப்பலகைக்கு இரண்டாவது பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் சாரத்தில் தொங்கி ஊரார் வீட்டுச் சுவர்களுக்குச் சாயம் பூசியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு அந்தக் கைக்கு மிச்சமிருந்த வேலை அந்தப் பலகை ஒன்றுதான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாயைக் கூட்டித் தைத்திருந்தார்கள். அந்தக் கையை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் எழுதினார். மகளின் பெயர். அதன் கீழே பட்டம். அதற்கும் கீழே ‘பதிவு எண்’ என்று எழுதி, ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

“எத்தனை இலக்கம் வரும்னு சொன்னா இடைவெளி பார்த்து அடிச்சுக்குவேன்.”

“முதல்ல வரட்டும்ப்பா.”

“வரும். அரசாங்கத்துக்கு உன்ன விட்டா வேற யாரு இருக்கா, சோறு எப்படித் திங்கணும்னு சொல்ல.”

கடிதத்தில் எண் இல்லை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, ஆறு மாதப் பயிற்சிச் சான்றை அந்த மருத்துவமனையின் தற்போதைய தலைமை அதிகாரி மறுபடி உறுதிசெய்து தரவேண்டும், அதுவரை விண்ணப்பதாரர் எவருக்கும் தனிப்பட்ட முறையில் உணவு ஆலோசனை வழங்கலாகாது, மீறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று நான்கு வரி. கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து.

அவள் பயிற்சி எடுத்த மருத்துவமனை மூடி ஐந்து வருடமாகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது மரச்சாமான் கடை நடக்கிறது. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கட்டில் மட்டும் அப்படியேதான் இருக்குன்னு சொல்லு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது ஜன்னலில் இருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார்.

“எல்லாம் சரியாத்தான்மா இருக்கு. அந்த ஆஸ்பத்திரி தலைமை கையெழுத்து மட்டும் வேணும்.”

“ஆஸ்பத்திரியே இல்ல சார்.”

“ஆஸ்பத்திரி இருக்கான்னு நாங்க கேக்கல. கையெழுத்து இருக்கான்னுதான் கேக்குறோம்.”

“எட்டு வருஷமா கிட்னி வார்டுல வேலை பாக்குறேன். அது கணக்கில்லையா?”

“அது அனுபவம். இது தகுதி.”

“எங்க தெருமுனைல ஒருத்தர் டப்பால மாவு விக்கிறாரு. சர்க்கரை, கிட்னி, குழந்தையில்லாதது எல்லாத்துக்கும் ஒரே மாவு. அவருக்கு லெட்டர் போட்டீங்களா?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவரு போர்டுல என்ன போட்டிருக்காரு?”

“உடல்நல வழிகாட்டி.”

“அப்போ அவரு எங்க வரம்புல வரமாட்டாரும்மா. டயட்டீஷியன்னு போட்டாத்தான் வருவாரு. நீங்க போட்டிருக்கீங்க, அதான் வர்றீங்க.”

காகிதங்களை எரிச்சலோடு பைக்குள் திணித்தாள். எரிச்சலில் பாதி அவள் மேலேயேதான். இந்தச் சட்டம் வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் வார்டு வார்டாகக் கையெழுத்து வாங்கியவளே அவள். அதே மாவு டப்பாவை நம்பி இன்சுலினை நிறுத்திய ஒரு டீச்சரம்மா, கண்முன்னால் போனதைப் பார்த்துவிட்டு எழுதிய மனு. கண்டவனெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது, படித்தவர் பேர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். பதிவேடு வந்துவிட்டது. மாவுக்காரர் வெளியே நிம்மதியாக இருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்வதைச் செய்தார். “வம்பு வேணாம்மா. நம்பர் வர்ற வரைக்கும் கிச்சன்ல இரு. சம்பளத்துல கை வைக்கல.” அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளைவிட ஆறு வயது சின்னவள், பதிவு எண் உள்ளவள். நர்சுகள் புது மேடம் என்றார்கள்.

சமையல்கட்டில் வேலை காலை ஆறு மணிக்கு. நீளமான எஃகு மேசையில் முந்நூறு தட்டு. உப்பில்லாததற்கு நீல ஸ்டிக்கர், சர்க்கரைக்கு மஞ்சள், சிறுநீரகத்துக்கு சிவப்பு. ஒட்டுவதும் எண்ணுவதும் தள்ளுவண்டியில் ஏற்றுவதும்தான். கஞ்சி ஆவியில் முகம் வெந்துபோகும். ஈரத் தரையில் செருப்பு வழுக்கும். தட்டு கழுவும் அக்கா ஒருத்தி முதல் நாளே கேட்டாள்: “ஏம்மா, காலேஜ் படிச்சிட்டு ஸ்டிக்கரா ஒட்டுற? எம் பையன் ரெண்டாங்கிளாஸ், அவனும் நல்லா ஒட்டுவான். அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. அவனுக்காவது நம்பர் வருதான்னு பாப்போம்.”

வார்டில் இருந்தபோது அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியிடம் அதிகம் பேசமாட்டாள். “வீட்ல யாரு சமைக்கிறாங்க? அவங்கள வரச்சொல்லுங்க” என்பாள். வருகிறவரை உட்காரவைத்து, அடுப்பு பற்றவைப்பதிலிருந்து ஆரம்பிப்பாள். எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர், எதை முதலில் போடுவீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள். சாப்பிடுகிறவருக்குத் தட்டுதான் தெரியும், பாத்திரம் தெரியாது என்பது அவள் கட்சி. உப்பே தொடுவதில்லை என்று சத்தியம் செய்த ஒரு தையல்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. அவர் மனைவியைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசியபிறகுதான், மாவு பிசையும்போதே அந்தம்மாள் ஒரு கை உப்பு போடுவது தெரிந்தது. குழம்பில் போடுவதுதான் உப்பு, மாவில் போடுவது கணக்கில்லை என்று நினைத்திருந்தாள். இப்படி ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் ஆகும். வரிசை வெளிவாசல்வரை நிற்கும். வைவார்கள். வைதாலும் காத்திருப்பார்கள்.

கடிதம் வந்த சாயங்காலமே அப்பா வீட்டில் சட்டம் போட்டுவிட்டார்.

“இனிமே என் சாப்பாட்டைப் பத்தி நீ வாயே திறக்கக்கூடாது.”

“அப்பா, இது வீடு. எந்த அதிகாரி வந்து பாக்கப்போறான்?”

“எனக்கு என் வாயைத் தெரியும்மா. நாலு மணி நேரம் அந்த நாற்காலில படுத்துக் கெடக்கிறேன். பக்கத்துல தபால்காரன். பேசாம இருக்கமுடியுமா? எம்பொண்ணு இதைச் சொன்னா, அதைச் சொன்னான்னு உளறிடுவேன். யாராவது ஒருத்தன் எழுதிப்போட்டா உன் நம்பர் போச்சு. எனக்கு அந்தப் பலகைல எண்ணை எழுதணும். அவ்வளவுதான்.”

தபால்காரர் என்பது அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். ஒரே நாளில் டயாலிசிஸ் ஆரம்பித்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் நர்சுகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அவள் எழுதி ஒட்டியிருந்த பழைய அட்டவணையைக் குளிர்பெட்டியிலிருந்து அப்பாவே கிழித்தார். புது மேடம் வந்ததும் அவள் கொடுத்த அச்சடித்த தாளை அங்கே ஒட்டினார். மகள் அதை வரிவரியாகப் படித்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தக் காய் ஆகும், எது ஆகாது, காயைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும், பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும், நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டர் திரவம். எல்லாம் சரி. அந்தச் சரி அவளுக்கு இன்னும் எரிந்தது. “உங்க மேடம் இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா கல்லூரி விடுதியில் சமையல்காரி. இருநூற்றைம்பது பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு. மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் பத்தாகும் திரும்ப. கையளவு உப்பை எடுத்து வீசினால் அண்டாவில் சரியாக இருக்கும். அந்தக் கையால் அரைக் கரண்டி எண்ணெய் அளக்கச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் அவமானம்தான். ஆனாலும் தாளில் இருப்பதை இம்மி பிசகாமல் செய்தாள். ஒரு நாள் அப்பாவின் தட்டில் மிச்சமிருந்த பீன்ஸை மகள் எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வெளுத்து, சாறெல்லாம் போய், சக்கையாக இருந்தது. சரியாகத்தான் வடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் விசாரணை அத்தோடு முடிந்தது.

பொட்டாசியம் மட்டும் இறங்கவில்லை. ரத்தத்தில் அது ஐந்தரையைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து. முதல் மாதம் ஐந்தே முக்கால். அடுத்த மாதம் ஆறு. டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். அப்படியும் ஆறு புள்ளி நாலு.

மூன்றாவது மாதம் புது மேடம் சமையல்கட்டுக்கே வந்தாள். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தொண்ணூறு பேரை ஒருத்தியாகப் பார்க்கிறாள், தலைக்கு நான்கு நிமிடம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“அக்கா, உங்க அப்பா விஷயம். வாழைப்பழம், இளநீர், உருளை எதுவும் தொடலங்கிறார். எடையும் கூடல, தண்ணி அளவாத்தான் குடிக்கிறார். அப்புறம் எங்கேயிருந்து ஏறுது? வீட்ல கொஞ்சம் பாக்குறீங்களா?”

மகள் தட்டில் சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினாள். “நான் பாக்கக்கூடாதுங்க. எழுத்துல குடுத்திருக்காங்க.”

“ப்ளீஸ்க்கா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“உங்க பேஷன்ட். நம்பர் உங்ககிட்ட இருக்கு. நீங்களே கேளுங்க.”

புது மேடம் தள்ளுவண்டிகளை விலக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். தட்டு கழுவும் அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: “நல்லாச் சொன்ன. மனசு குளுந்துச்சா?”

மகளுக்கு வாரவிடுப்பு புதன்கிழமை. புதன்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மாவும் கூடவே போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே மகள் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டில் காலை பதினோரு மணி எப்படி இருக்கும் என்று மூன்று மாதமாக அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம், மனசு கேட்காமல், அப்பாவிடம் மட்டும் கேட்டாள். அம்மா விடுதிக்குப் போயிருந்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கப்பா. தபால்காரரும் நீங்களும் சேர்ந்து வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“அடிப் போடி. அவன் பொண்டாட்டி அவனை முறைக்கிற முறைப்புல பச்சத்தண்ணி இறங்காது. உங்கம்மா கைல தவிர ஒரு பருக்கை தொடல. டீயைக்கூட விட்டுட்டேன், தெரியுமா?”

“டீயை விட்டாச்சா? நீங்களா?”

“உங்கம்மா விடவச்சா. அதுக்குப் பதிலா” என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டு சிரித்தார். “பாத்தியா, வாயைப் பிடுங்குற. ஆலோசனை சொல்றதுக்குத்தானே அடி போடுற? போ, போய்த் தூங்கு. நம்பர் வரட்டும், ஒரு நாள் பூரா உக்காந்து சொல்லு, கேக்குறேன்.”

அவளும் சிரித்துவிட்டு எழுந்தாள். அதுதான் அவரோடு கடைசியாகச் சிரித்தது.

திங்கட்கிழமை காலை, வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி முடிந்து, மருத்துவமனைக்குக் கிளம்ப அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பு மாட்டப் பார்த்தார். கால் எழவில்லை. “மரத்துப்போச்சு போல, கொஞ்சம் தூக்கி விடு” என்றார் அம்மாவிடம். அம்மா குனிந்து ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொன்றை எடுப்பதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்சில் போகும்போதே இதயம் நின்றுவிட்டது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் பொட்டாசியம் எட்டுக்கு மேல் என்று எழுதினார்கள். சமையல்கட்டிலிருந்து மகள் ஓடிவந்தபோது அவள் விரலில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். தபால்காரர் வரவில்லை. வந்தால் தாங்கமாட்டார் என்று அவர் மனைவிதான் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா போய் மூன்றாவது புதன்கிழமை. அம்மா இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. மகள் எழுந்து வரும்போது அடுப்பில் சின்னத் தீயில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வடிதட்டில் வெந்த காய், பூசணியும் பீன்ஸும், ஆவி போய்க்கொண்டிருந்தது.

“என்னம்மா செய்யிற?”

“சூப்பு. கை சும்மா இருக்கமாட்டேங்குது. பதினோரு மணியானா தானா அடுப்புகிட்ட வந்துடுறேன்.” அம்மா கரண்டியால் கிளறினாள். “இதையாவது வயிறாரக் குடிச்சாரு. சக்கையா சாப்பிடுறேனே, வாய் செத்துப்போச்சேன்னு அழுவாரு. சக்கையை அவருக்குப் போட்டுட்டு சத்தெல்லாம் சாக்கடைல ஊத்த எனக்கு மனசு வருமா? விடுதியில முப்பது வருஷம் ஒரு நாளும் காய் வெந்த தண்ணியக் கொட்டினதில்ல, அதுதான் அங்க சூப்புக்கே ருசி. ஆனா இவருக்கு தண்ணி அளவுல்ல. அதனால நல்லாச் சுண்டவச்சு, ஒரே ஒரு டம்ளர் ஆக்கி, டீக்குப் பதிலா. மிளகு தட்டிப் போட்டு. கடைசி ஞாயித்துக்கிழமைகூட இன்னொரு வாய் கேட்டாரு.”

மகள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நான்கு பங்கு தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டிக்கொண்டிருந்தது. காயிலிருந்து கழுவி எடுத்த அத்தனையும் அதில் இருந்தது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர், மிச்சத்தை என்ன செய்வீர்கள். ஊரில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்.

சொல்லக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். போனவர் போய்விட்டார். இதை அம்மாவின் தலையில் ஏற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

“தபால்காரர் சம்சாரம் முந்தாநாள் வந்திச்சா,” அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “அவருக்கும் வாய்க்கு எதுவும் பிடிக்கலையாம். பாவம். எப்படிச் சுண்டவைக்கிறதுன்னு கத்துக் குடுத்தேன். நேத்தே செஞ்சு குடுத்துருச்சாம். நல்லாக் குடிச்சாராம்.”

மகள் அடுப்பை அணைத்தாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். இருநூற்றைம்பது முகங்களைப் பார்த்து உப்பா காரமா என்று சொல்லிவிடுகிறவள். மகளின் முகத்தையும் அப்படிப் பார்த்தாள்.

“என்ன?”

“அந்தத் தண்ணிதாம்மா.”

“எந்தத் தண்ணி?”

“வடிக்கச் சொன்னது அந்தத் தண்ணியக் குடிக்கக்கூடாதுன்னுதான். காய்ல இருக்கற கெடுதல் எல்லாம் அதுலதான் இறங்கும். சுண்டவச்சா…”

அம்மா கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். அது உருண்டு விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

“சத்துன்னுல்ல நினைச்சேன்.”

“சத்துதாம்மா. மத்தவங்களுக்குச் சத்து. அப்பாவுக்கு அது ஆகாது.”

“உனக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“முன்னாடியே?”

“முதல் வருஷத்துலயே படிச்சது. நீ குடுக்கறதுதான் தெரியாது.”

அம்மா தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று மகளுக்கு இருந்தது. “ஊர்ல இருக்கறவன் பொண்டாட்டியெல்லாம் கூப்பிட்டு உக்காரவச்சுக் கேப்ப,” என்றாள் கடைசியில். “என்னை ஏன்டி கேக்கல?”

மகளிடம் பதில் இருந்தது. கடிதம் இருந்தது, கவுன்சில் இருந்தது, அப்பா போட்ட சட்டம் இருந்தது, புது மேடத்தின் மேல் இருந்த ஆத்திரம் இருந்தது. ஒன்றையும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

“கேட்டிருக்கணும்,” என்றாள்.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நட.”

“எங்க?”

“தபால்காரர் வீட்டுக்கு. மணி என்ன ஆச்சு பாரு. அது அடுப்புல வச்சிருக்கும்.”

“அவருக்கும் இன்னிக்கு டயாலிசிஸ் நாளும்மா.”

“அவருக்கு இப்போ மத்தியானத்துக்கு மாத்திட்டாங்க. நம்ம அவரு போன பெறவு அந்த நேரத்துல அங்க படுக்கமாட்டேன்னுட்டாராம். நீ வந்து எதனாலன்னு சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியாது.”

“நான் சொன்னா…” என்று மகள் ஆரம்பித்து, அந்த வாக்கியம் தன் வாயிலிருந்தே வருவதைக் கேட்டு, நிறுத்திக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் இறங்கினாள்.

மூன்று தெரு. வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா இவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை. தபால்காரர் வீட்டில் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளறையில் படுத்திருந்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்து, “வாங்கக்கா, உங்க கைப்பக்குவந்தான் அடுப்புல இருக்கு. கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்க.”

“அதை இறக்குங்க அத்தை,” என்றாள் மகள்.

நின்றபடியே சொன்னாள். பொட்டாசியம் என்ன செய்யும், வடித்த தண்ணீரில் அது ஏன் இருக்கும், சுண்டினால் என்ன ஆகும். இன்றைக்கே போனதும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், நேற்றுக் குடித்ததைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், யார் சொன்னது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்றாள். தபால்காரர் மனைவி அவளையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்த முகத்தில் நன்றி வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

“அப்போ, உங்க வீட்டுக்காரரு…” என்று ஆரம்பித்துவிட்டு, மேலே போகமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் பேச வாய் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அண்டா தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை.

“ஆமா,” என்றாள் அம்மா. “நாந்தான் குடுத்தேன். நீ குடுக்காத.”

தபால்காரர் மனைவி பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். துணியால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, தொட்டியின் முன்னால் போய் நின்றாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. உள்ளறையிலிருந்து தபால்காரர், “என்ன, சூப்பு ஆயிடுச்சா?” என்று கேட்டார்.

அவள் இன்னும் தொட்டியில் ஊற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.